பாலத்து ஸ்டாப்பிங்

பொதட்டூர்பேட்டையில் பஸ் ஏறும்போதே தங்கவேல் ஒரு முடிவோடுதான் ஏறினார்.

இன்றைக்கு அம்முவைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும்.

கெமிஸ்ட்ரி படித்த மகள். ஊரில் எத்தனையோ கம்பெனி இருக்க, திருத்தணி கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் போய்ச் சேர்ந்தாள். பொண்ணு பார்க்க வந்தவர்கள் என்ன வேலை என்று கேட்டதும் காபி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார்கள். சாக்கடைத் தண்ணியில் கை வைக்கிற பொண்ணா என்று மாப்பிள்ளையின் அத்தை வாசலில் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது.

அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் அம்மு திருத்தணியிலேயே ரூம் எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது.

அவர் மனைவி தேவகிதான் தினமும் போனில் பேசுவாள். அவருக்கும் கேட்கட்டும் என்றே ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள்.

லாட்ஜ், கல்யாண மண்டபம், தெரு வீடுகள் என்று திருத்தணி ஆற்றில் வந்து விழுந்த குழாய்களையெல்லாம் நகராட்சி அடைத்து, பாதாளச் சாக்கடையில் சேர்த்துவிட்டதாம். அத்தனையும் அம்முவின் நிலையத்துக்கு வருகிறதாம். இவள் சோதித்துச் சரி என்று சொன்னால்தான் தண்ணீர் ஆற்றுக்குப் போகுமாம்.

தங்கவேல் நம்பவில்லை. அந்த ஆறு அவருக்குத் தெரியாததா?

"தெறப்பு விழா அன்னிக்கு பினாயில் ஊத்தியிருப்பாங்க" என்பார், யாருக்கோ சொல்வதுபோல.

கால் முறிந்து, கம்பி வைத்து, அவர் அந்தப் பக்கம் போயே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நானும் வருகிறேன் என்று தேவகி கிளம்பினாள். வேண்டாம் என்றுவிட்டார். லுங்கி மூட்டையோடு வியாபாரத்துக்குத் தனியாகவே ஊர் ஊராகப் போய்வந்த மனுஷன். எங்கே இறங்குவது என்று யாரையும் கேட்டதில்லை. அதில் ஒரு வீம்பு.

கே.ஜி.கண்டிகையில் கூட்டம் ஏறியது. யாருடைய பூக்கூடையோ முழங்காலில் இடித்தது. ஜன்னல் காற்று முகத்தில் அடித்தது.

இனி அவர் இறங்கவேண்டிய ஆற்றுப் பாலம்தான். வந்ததும் எழுந்தால், பஸ் நிற்கும்போது படிக்கட்டில் இருக்கலாம்.

காத்திருந்தார்.

பஸ் நின்றது. யார் யாரோ இறங்கினார்கள். மறுபடி கிளம்பியது. மறுபடி நின்றது.

பாலம் வரவில்லை.

கூட்டம் கொஞ்சம் கரைந்த பிறகு கண்டக்டர் வந்து தோளைத் தொட்டார்.

"பெரியவரே, பாலத்துக்குத்தானே டிக்கெட் வாங்கினீங்க? அது தாண்டி எம்மா நேரமாச்சு! தூங்கிகினு வந்தீங்களா?"

தங்கவேல் தூங்கவில்லை.

பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாத அவருக்கு அந்த ஸ்டாப்பிங்கைச் சொல்வது எப்போதும் மூக்குதான். பாலம் வருமுன்பே குடலைப் புரட்டிக்கொண்டு வரும் அந்த நாற்றம். பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். அவர் எழுந்து நிற்பார்.

பதறிப்போன கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

தங்கவேல் மடக்குக் குச்சியை விரித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார். எந்த இடம் என்று பிடிபடவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பார்த்தார். வெறும் காற்று.

அந்த ஆற்றையா? அவ்வளவு பெரிய நாற்றத்தையா?

எம்பொண்ணா?

போனை எடுத்து, விரலால் தடவித் தடவி நம்பரை அழுத்தினார்.

"நைனா?" என்றாள் அம்மு. குரலில் பயம் இருந்தது.

"உன் ஆத்த தாண்டி வந்துட்டேம்மா, தெரியவே இல்ல" என்றார். "வந்து கூட்டிகினு போ."