மூன்று பேரில் ஒருவர்

விண்வெளியில் எட்டு மாதம் இருந்த கணவர் வீடு திரும்பிய மூன்றாம் நாள், அவள் கைதவறி அவருடைய கண்ணாடித் தம்ளர் தரையில் விழுந்து சுக்குநூறானது.

அவள் சட்டென்று இரு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஐந்து வயது மகள் ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாள்.

அவர் எழுந்து வந்தார். "நகரு, கால்ல குத்திடும்" என்றபடி குனிந்து, சில்லுகளை வெறுங்கையால் அள்ளினார். ஒரு சில்லு உள்ளங்கையில் ஆழமாக இறங்கியது. அதைப் பிடுங்கிப் போட்டார். ஒரு பொட்டு ரத்தம்கூட வரவில்லை. காயம் அவள் கண்ணெதிரே தானாக மூடிக்கொண்டது.

"வலிக்கலையாங்க?"

"வலிக்கணுமா?" என்று கேட்டார், நிஜமாகவே தெரியாதவர் போல.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. விண்வெளி மையத்து டாக்டர்.

"பதறாமக் கேளுங்கம்மா. விண்கலத்துல ஒரு மனுஷ உடம்பு எரிஞ்ச சாம்பல் கிடைச்சிருக்கு. யாரோடதுன்னு தெரியல. ஆனா போன மூணு பேரும் திரும்பி வந்துட்டாங்க. அப்படின்னா அவங்கள்ல ஒருத்தர் மனுஷனே இல்ல. யாருன்னு தெரிஞ்சா உடனே வந்து பிடிச்சிட்டுப் போயிடுவோம். உங்க வீட்டுக்காரர்கிட்ட ஏதாவது மாற்றம் தெரியுதா?"

அவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். மகள் அவர் முதுகில் உப்புமூட்டை ஏறிக் கெக்கலித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படியொரு சிரிப்பை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை.

"ஒரு மாற்றமும் இல்ல டாக்டர்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "அதே மனுஷன்தான். இன்னைக்குக் காலையிலகூட எங்க ரெண்டு பேரையும் பெல்ட்டால அடிச்சார்."