நேர்ந்துவிட்ட சேவலின் இறகு

கந்தப்பளைக்கு மேலே ஓடும் ஆற்றில் வெள்ளைக்காரன் விட்டுப்போன ட்ரவுட் மீன் மண்புழுவை மதிக்காது. தூண்டில் முள்ளில் இறகைக் கட்டி, ஈயைப் போல் தண்ணீரில் ஆட்ட வேண்டும். இறகுக்காகத் துஷாந்த் முனியாண்டி கோயில் சேவலைப் பிடித்தான். போன வருடம் கொழும்பில் அவன் டெங்குவோடு கிடந்தபோது, மகன் பிழைக்கவேண்டும் என்று அவன் அம்மா நேர்ந்துவிட்ட சேவல் அது.

“ஒன் உசுருக்காக விட்டதுடா, தொடாத,” என்று நான் தடுத்தேன்.

“அப்ப எனக்கும் அதுல பங்கு இருக்குல்ல?” என்று ஒரு சிவப்பு இறகைப் பிடுங்கினான்.

முதல் வீச்சிலேயே மீன் கவ்வியது. துஷாந்த் இழுத்த வேகத்தில் நூல் அறுந்து, முள்ளோடு மீன் போய்விட்டது.

கோயில் வழியாகத் திரும்பினோம். மழையே இல்லை, ஆனால் சேவல் சொட்டச் சொட்ட நனைந்து நின்றது. அலகோரத்தில் எங்கள் முள் குத்தியிருந்தது. அதில் கட்டிய சிவப்பு இறகும் அறுந்த நூலும் தொங்கின.

“கழட்டிவிடுடா மச்சான்.” துஷாந்த் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

நான் நூலைப் பிடித்து மெல்ல இழுத்தேன். சேவல் அசையவில்லை. பின்னால் நின்ற துஷாந்த்தான் “அம்மா” என்று கத்தி வாயைப் பொத்திக்கொண்டான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

நூல் இன்னும் என் கையில் இருந்தது.