ஒன்பது உறை, நான்கு உறை

பெரிய அல்பத்தைத் தயா தூக்கினான். சின்னதைக் கஜந்தி தூக்கினாள். மேசைக்குப் பின்னால், கதிரையில் இருந்த ஸெய்னுதீன், 'தொடங்கிவிட்டார்கள்' என்று மனதுக்குள் பெருமூச்சு விட்டார்.

காலையிலிருந்து நின்ற கால்கள். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் அடையாளம் பதிந்திருந்தது. பள்ளிக்கூடக் கொப்பி வியாபாரம் ஓய்ந்த மாதம். துறைமுகப் பக்கத்துக் காற்றுத்தான் வாடிக்கையாளர்போலக் கடைக்குள் வந்து, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போய்க்கொண்டிருந்தது.

மூடப்போகிற நேரத்தில் இப்படி ஒரு சோடி.

நாளைக்கு அவர்களுடைய மகன் லோஜனுக்குப் பிறந்தநாள். கிரிக்கெட் கார்ட் சேர்க்கிறான். பிஸ்கட் டின்னுக்குள் கிடந்து, உப்புக் காற்றில் வீரர்கள் எல்லாரும் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொள்கிறார்களாம். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து ஓர் அல்பம் வாங்கித் தரவேண்டும், சேர்ந்துதான் வாங்கவேண்டும் என்பது பிள்ளையின் கட்டளை.

பெரியதில் பக்கத்துக்கு ஒன்பது உறை, நடுவில் வளையம். சின்னதில் பக்கத்துக்கு நான்கு உறை, சுற்றிவர இழுத்து மூடும் சிப்.

"இதுக்குள்ள எல்லாக் கார்டும் ஒரே இடத்தில இருக்கும். பிறகு பிறகு பக்கமும் சேர்க்கலாம்" என்றான் தயா.

"வளையம் கார்டை அமத்தும். மூலை மடங்கினா அழுவான். அப்ப நீங்களோ வந்து ஆத்தப் போறீங்கள்?"

"உம்மட சிப் இந்தக் காத்துக்குக் கறள் பிடிக்கும்."

ஸெய்னுதீனுக்குத் தெரியாததா? இது பழைய ஆட்டம். ஒருவர் சாமானில் ஆசைப்பட வேண்டும். மற்றவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசலுக்கு நடக்க வேண்டும். ஆசைப்பட்டவர் கடைக்காரனைப் பாவமாகப் பார்க்க வேண்டும். கடைக்காரன் இளகியதும், "இஞ்ச வாரும், குறைச்சுத் தாறாராம்" என்று கூப்பிட வேண்டும்.

கொழும்பு மொத்தக் கடைகளில் அவரும் மனைவி பஹ்மியாவும் ஆடாத ஆட்டமா? பஹ்மியா வாசலுக்கு நடக்கிற நடையில் அவருக்கே சில நேரம் நெஞ்சு பதறியிருக்கிறது.

இந்தச் சோடியும் நன்றாகவே ஆடியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேயில்லை. அதற்கே தனித் தேர்ச்சி வேண்டும்.

"சின்னதெண்டா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவான், டீச்சர் பறிச்சுப்போடுவா. பெரிசு வீட்டிலயே இருக்கும்" என்றான் தயா.

"எந்த வீட்டில?"

தயா அல்பத்தின் அட்டையைத் தடவினான்.

கஜந்தி சின்னதை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

ஸெய்னுதீன் கதிரையில் நிமிர்ந்தார். நடை அருமை. இனி யார் முதலில் இளகுவது என்பதுதான் வியாபாரம்.

வாசலில், ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று, அவர் வெளியே எறிந்த பெட்டியின் மட்டையைச் சப்பிக்கொண்டு நின்றது. கஜந்தி அதைத் தாண்டிப் போகவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

தயா கூப்பிடவில்லை. கடைக்காரனைப் பாவமாகப் பார்க்கவுமில்லை. அல்பத்தின் வளையத்தைத் திறந்தான். மூடினான். திரும்பவும் திறந்தான்.

இவ்வளவு இழுத்தால் ஆட்டம் கெட்டுவிடும். இளசுகள், அளவு தெரியவில்லை. ஸெய்னுதீனுக்கு அலுத்துவிட்டது. பாங்கு சொல்லவும் நேரமாகிறது. யாரும் கேட்காமலே விலையைக் குறைத்தவர் என்ற கெட்ட பெயரை இந்த வயதில் எடுக்கத் துணிந்தார்.

"தங்கச்சி, உள்ள வாங்க. தம்பி ஆசைப்படுறாரு, பெரிசக் குறைச்சுத் தாறன். அங்க நிண்டு மானோடயா விலை பேசப் போறீங்க?"

கஜந்தி திரும்பி வந்தாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. அவருடைய கால்களில் இருந்த அதே அலுப்பு.

"விலை இல்ல நானா. அது அவன்ர பள்ளிக்கூடப் பைக்குள்ள போகாது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு அவன் இவரோட பாலையூத்துக்குப் போவான். ஞாயிறு பின்னேரம் லிங்கநகருக்கு என்னட்ட வந்திருவான். பெரிசெண்டா, ஒரு வீட்டிலதான் கிடக்கும்."

ஸெய்னுதீன் மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

தயா வளையத்தை மூடினான். பெரிய அல்பத்தை எடுத்த இடத்திலேயே, மற்றவற்றோடு முதுகு ஒத்திருக்கும்படி வைத்தான். சின்னதை எடுத்து, சிப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துப் பார்த்தான்.

"ஓம். நல்லா ஓடுது" என்றான்.

ஒருவரும் விலை பேசவில்லை. இரண்டு பேரும் பாதிப் பாதி நீட்டினார்கள்.

ஸெய்னுதீன் அல்பத்தைப் பைக்குள் போட்டுத் தூக்கினார். மேசைக்கு அந்தப் பக்கம், நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு, இரண்டு பேர். இருவருமே கை நீட்டவில்லை. எத்தனையோ சோடிகளுக்குச் சாமான் கொடுத்த அவருடைய கை, பையை யார் பக்கம் நீட்டுவதென்று தெரியாமல் நடுவில் நின்றது.

கடைசியில் அவர் கேட்டார்:

"இண்டைக்கு என்ன கிழமை?"