ஒரு சொட்டு போதும்

ஒரு காரில் கால் வைக்கும் இடத்துக்கு அழகாக இருக்கட்டுமென்று நீல நிற எல்.இ.டி. விளக்கு மாட்டினார்கள். மாட்டியவர் அவசரத்தில் அதன் வயரை நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டுப் போனார். வண்டியை நிறுத்திய பிறகும் அது எரிந்துகொண்டிருந்தது.

"நீ என் வழியாக வந்திருக்க வேண்டியவன்," என்றது சாவி போடும் ஸ்விட்ச். "சாவியை எடுத்தால் ரேடியோகூட அடங்கிவிடும். நீ மட்டும் என்ன, வீட்டு மாப்பிள்ளையா?"

"நான் குடிப்பது ஒரு சொட்டு. பேட்டரி அண்ணனே பேசாமல் இருக்கிறார், உனக்கென்ன?" என்றது விளக்கு.

பேட்டரிக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. "சின்னப் பையன், எரிந்துவிட்டுப் போகட்டும்," என்றது.

"வண்டி கிளம்ப வேண்டாமா அண்ணே?" என்றது ஸ்விட்ச்.

"ஐந்து வருஷமாக நான் கிளப்பவில்லையா?"

கார்க்காரர் ரயிலேறி ஒரு கல்யாணத்துக்குப் போய், ஐந்து நாள் கழித்து வந்து சாவியைத் திருப்பினார். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. மெக்கானிக் வந்து பார்த்தார்.

"பேட்டரி போயிடுச்சு சார். வேற மாத்திடுங்க."

விளக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்போது அது அணைந்திருந்தது.

கழற்றி எடுக்கும்போது பழைய பேட்டரி, "பையனை ஒன்றும் சொல்லாதே," என்றது ஸ்விட்சிடம்.

புது பேட்டரியை மாட்டியதும் விளக்கு எரிந்தது. "வாங்க அண்ணே. நான் சின்னவன், எனக்கு ஒரு சொட்டு போதும்."

"அதற்கென்ன தம்பி, எடுத்துக்கொள்."

கார்க்காரரின் சொந்தத்தில் அடுத்த கல்யாணம் எப்போது என்று ஸ்விட்ச் யோசிக்கத் தொடங்கியது.