அனுப்பியவர் பெயர் இல்லை

வீட்டில் மருமகளுக்குப் பல் டாக்டரின் உதவியாளர் என்று பெயர். அறைக் கதவைச் சாத்தி, காதில் ஹெட்போனை மாட்டி, கம்ப்யூட்டரிலேயே வேலை. மாமியார் அவ்வப்போது எட்டிப் பார்த்து, "உங்க டாக்டர்கிட்ட என் கடவாய்ப் பல்லைப் பத்திக் கேட்டியா?" என்பாள்.

"உப்புத் தண்ணியில கொப்புளிக்கச் சொன்னாங்க அத்தை" என்று இவளும் கூசாமல் புளுகுவாள்.

உண்மையில் அந்த டாக்டருக்கும் பல்லுக்கும் சம்பந்தமே கிடையாது. கணவன் மனைவியின் படுக்கையறைச் சிக்கல்களைத் தீர்த்துவைப்பது அவர் தொழில். போதாததற்கு, தாம்பத்தியத்துக்கு உதவும் சாமான்களை விற்கும் ஒரு கடைக்கும் இவள்தான் ஆன்லைன் உதவியாளர். கடையின் பெட்டிகளில் அனுப்புகிறவர் பெயர் இருக்காது. டாக்டரின் பட்டியலில் வருகிறவர் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பெயர் கேட்டால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்பது டாக்டரின் அனுபவம். 'பதினோரு வருஷம் கழிச்சு நேத்துதான் சிரிச்சுப் பேசினோம்' என்று ஏதாவது ஓர் எண் எழுதினால், அன்றைக்கு இவள் சமையலில் உப்பு இரண்டு தரம் விழும். அவ்வளவு சந்தோஷம்.

விஷயம் புருஷனுக்கு மட்டும் தெரியும். மாமனார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். டி.வி.யில் கதாநாயகன் கையை நீட்டினாலே சேனலை மாற்றிவிடுவார். மாமியார் அதற்கும் முன்னதாகக் கண்ணை மூடிக்கொள்வாள். அவர்களுக்குத் தெரிந்தால் வேலை அன்றோடு போச்சு.

அந்த வாரம் தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரைக் காட்சிக்கு இரண்டு சினிமா டிக்கெட். 'அதிர்ஷ்டசாலித் தம்பதிக்கு அன்பளிப்பு' என்று ஒரு துண்டுச் சீட்டு. அனுப்பியவர் பெயர் இல்லை.

"நாம எந்தப் போட்டியில கலந்துக்கிட்டோம்?" என்றான் புருஷன். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன். மின்விசிறி சுற்றினால் காற்று வாங்க மாட்டான், அது எப்போது விழும் என்று யோசிப்பான். "போன மாசம் பின்தெருவுல இதே கதைதான். இலவச விருந்துன்னு எவனோ கூப்பிட்டான். சாப்பிட்டுத் திரும்பினா, வீட்டுல ஃப்ரிட்ஜைக் காணோம்."

"சும்மா வந்ததை ஏன்டா சந்தேகப்படறே? ரெண்டு பேரும் ஜாலியா போயிட்டு வாங்க" என்றார் மாமனார். "நாங்களும் அன்னிக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போறோம். வர ராத்திரி ஆகும்."

ஆக, வீடு காலி. திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத குறை.

"போலீஸ்ல சொல்லிடலாம்" என்றான் அவன், அறைக்குள் வந்ததும்.

"ஐயோ, வேண்டாங்க! என்ன வேலை பாக்கறேன்னுதான் முதல்ல கேப்பாங்க. கடை வாடிக்கைக்காரன் எவனாவது நம்ம அட்ரஸைக் கண்டுபிடிச்சு அனுப்பியிருந்தா? மாமா முன்னாடி கம்ப்யூட்டரைத் திறன்னு சொன்னா, நான் எந்தப் பல்லைக் காட்டறது?"

"அப்ப நாமளே பிடிச்சிடுவோம்."

"நீங்களா? கரப்பான்பூச்சி வந்தா நாற்காலி மேல ஏறுற ஆளு!"

"அது பறக்கும். திருடன் பறக்க மாட்டான்."

ஞாயிறு காலையிலேயே பெரியவர்கள் கிளம்பிவிட்டார்கள். நாலு மணிக்கு இவர்களும் சென்ட் அடித்துக்கொண்டு, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி "படத்துக்கு நேரமாச்சு!" என்று கத்திவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினார்கள். பின்படி வழியாகத் திரும்ப ஏறி, மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டின் திருப்பத்தில் பதுங்கினார்கள். அவள் கையில் விளக்குமாறு. அவன் கையில் டென்னிஸ் மட்டை; தலையில் ஹெல்மெட், எதற்கும் இருக்கட்டும் என்று.

நாலரைக்குப் பூட்டில் சாவி திரும்பியது. எட்டிப் பார்ப்பதற்குள் கதவு மூடி, உள்தாழ்ப்பாள் விழுந்துவிட்டது.

"கள்ளச்சாவி!" என்றது ஹெல்மெட்.

பூனை மாதிரி இறங்கிக் கதவில் காதை வைத்தார்கள். உள்ளே யாரோ அடித்தொண்டையில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்று. எல்லாக் கதவுகளையும் தாழிடவும். இரண்டு. இருவரும் செல்போனை அணைக்கவும். மூன்று. வெளிச்சத்தைக் குறைக்கவும். நான்கு. எந்தக் காரணம் கொண்டும் அவசரம் கூடாது."

"ரெண்டு பேர்! படிச்ச கும்பல் போலிருக்கு. திட்டத்தை எழுதியே வெச்சிருக்கான் பாரு!" அவன் மட்டையை ஓங்கினான். ஹெல்மெட்டுக்குள் எல்லாக் குரலும் ஒரே குரல்தான்.

அவளோ அசையவில்லை. முகம் வெளுத்தது, சிவந்தது, பிறகு சிரிப்பை அடக்கியதில் வீங்கியது. சட்டென்று அவன் சட்டைக் காலரைப் பிடித்து, இரண்டு மாடி தரதரவென்று கீழே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"விடுடி! உள்ள நகை இருக்கு!"

"இருக்கட்டும். வாங்க, பாதிப் படமாவது பாக்கலாம்."

"திருடனை உள்ள விட்டுட்டுப் படமா? உனக்குப் பைத்தியமா? யாருடி உள்ள?"

"பேரு சொல்லக் கூடாதுங்க, தொழில் தர்மம். வேணும்னா நம்பர் சொல்றேன். இருபத்தேழு." ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள். "படம் முடிஞ்சு, ஹோட்டல்ல மெதுவா சாப்பிட்டுட்டு வரலாம். அவசரம் கூடாது."

டாக்டர் சார்பில் அவளே தட்டச்சு செய்து, 'வீட்டில் மற்றவர்கள் இல்லாதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளவும்' என்ற குறிப்போடு மூன்றாம் வார வீட்டுப்பாடத்தை அனுப்பிவைத்த அந்த இருபத்தேழாம் எண் தம்பதி, அவளுடைய மாமனாரும் மாமியாரும்!