மாப்பிள்ளைக்குப் போட்ட குழாய்

"மலச்சிக்கல்னு நினைச்சு எண்ணெய் கொடுத்துட்டேன், டாக்டர். தப்பா?"

"எல்லாரும் பண்ற தப்புதான். இது சிறுநீர் அடைப்பு. வயித்தைத் தொட்டுப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ஆளே போயிருப்பான். எத்தனை நாளா முக்கறான்?"

"தெரியல. வீட்டுல ஆள் இல்ல. பக்கத்து வீட்டுல சோறு வைக்கச் சொல்லியிருந்தேன். காலையில துணி எடுக்கப் போனப்பதான் பார்த்தேன்."

டாக்டர் அந்தப் பெரியவரை முறைத்தாள். பூனையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளிவிட்டு ஊர் சுற்றுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"பேரு?"

"மாப்பிள்ளைன்னு கூப்பிடுவா."

பூனையைச் சுற்றி எடுத்து வந்திருந்த பூப்போட்ட நைட்டியெல்லாம் கறை. "வீட்டம்மா இன்னிக்கு உங்களைச் சும்மா விடமாட்டாங்க, போங்க!" என்றாள். பெரியவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

மயக்க ஊசி போட்டதும் மாப்பிள்ளை துவண்டான். உதவியாள் காலைப் பிடித்துக்கொள்ள, அவள் மெல்லிய குழாயில் களிம்பு தடவி நுழைத்து, உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினாள். சிறுநீர்ப் பாதையை அடைத்துக்கொண்டிருந்த மணல் போன்ற துகள் லேசில் அசையவில்லை. நெற்றி வியர்த்தது. கடைசியில் குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போக, ரத்தம் கலந்த சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் பையில் இறங்கியது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

பெரியவர் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழாய் இருக்கறது தெரியுமா? வலிக்குமா?"

"மயக்கத்துல தெரியாது."

"எடுத்துட்டா தானா போயிடுமா?"

"பெரும்பாலும் போயிடும்."

"போகலைன்னா?"

"திரும்பப் போடலாம். அதுக்கும் ஒரு அளவு இருக்கு."

"அந்த அளவு தாண்டிட்டா?"

வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசித்தான் அவளுக்குப் பழக்கம். "அதுக்கப்புறம் குழாய் போடறது நம்ம மனசு ஆறத்தான். அந்த ஜீவனுக்காக இல்ல."

"உங்க வீட்டுல இப்படின்னா?"

"கஷ்டப்படுத்தாம விட்டுடுவேன். நமக்குப் பிரிய மனசில்லைங்கறதுக்காக அது ஏன் சார் வதைபடணும்?"

"அப்போ பக்கத்துல இருக்கலாமா?"

"இருந்தே ஆகணும். தலையைத் தடவிக்கிட்டு, பேசிக்கிட்டே இருங்க. பழகின குரல் காதுல விழுந்தா பயம் இருக்காது."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. "அட, எதுக்கு சார் கலங்கறீங்க? நம்ம மாப்பிள்ளைக்கு அந்த நிலைமையெல்லாம் வராது. ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்கு வந்துடுவான்."

பெரியவர் கறைபட்ட நைட்டியைப் பதமாக மடித்து மார்போடு வைத்துக்கொண்டார்.

"இவன் பிழைச்சுக்குவான், டாக்டர். நான் கேட்டது என் சம்சாரத்துக்காக. பெரிய ஆஸ்பத்திரியில கண்ணே திறக்காம கிடக்கறா, உடம்பெல்லாம் குழாய். எடுத்துடலாமான்னு சாயங்காலத்துக்குள்ள நான் சொல்லணுமாம். அங்க யாரைக் கேட்டாலும் 'உங்க இஷ்டம்'ங்கறாங்க. நீங்க ஒருத்தர்தாம்மா பதில் சொன்னீங்க."