பெற்றவளுக்குப் பத்தியம்

“பெத்ததுலேர்ந்து ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கிறா, டாக்டர். மூஞ்சியைத் திருப்பிக்கிறா. கெஞ்சிப் பாத்துட்டேன், கொஞ்சிப் பாத்துட்டேன், அழுதுகூடப் பாத்துட்டேன்!”

போனில் எர்மெக் புலம்பினான். மறுமுனையில் டாக்டர் வேரா அலட்டிக்கொள்ளவில்லை. “முட்டை வாசனை போகக் கழுவினீங்களா?” என்று கேட்டார்.

கழுவாமல் என்ன? கான்ஷா முட்டையிட்ட மறுநாளே முட்டைகளை வேறு பெட்டிக்கு மாற்றி, அவளை வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, கண்ணாடித் தொட்டியையும் தேய்த்துக் கழுவிவிட்டான். முட்டை வாசனை ஒட்டிக்கொண்டிருந்தால் மலைப்பாம்பு இன்னும் அடைகாப்பதாக நினைத்துப் பட்டினி கிடக்கும். அல்மாத்தியில் பாம்பு வளர்க்கிற அத்தனை பேருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்த மகா மேதையே அவன்தான்.

“அப்பவும் சாப்பிடலைன்னா சனிக்கிழமை தூக்கிட்டு வாங்க. தொண்டையில குழாய் விட்டுத்தான் ஊட்டணும். தாங்குவாளான்னு சொல்ல முடியாது,” என்றார் டாக்டர்.

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மேதை, செத்த எலியை இடுக்கியில் பிடித்துக்கொண்டு தொட்டி முன்னால் மண்டியிட்டான். “என் ராணியில்ல, ஒரே ஒரு வாய்!”

ராணி கொட்டாவி விட்டாள்.

“நீங்க ஒரு வாய் தின்னு காட்டுங்க. பாத்துச் சாப்பிடுவா,” என்றது வாசலிலிருந்து ஒரு குரல். மனைவி ரௌஷான், கையில் சந்தைப் பை. பாம்பு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் பார்க்க அவள் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை.

“இங்க உசுருக்குப் போராடிட்டிருக்கா, உனக்குக் கிண்டலா? பையில என்ன?”

“காடை.”

“இவ சாகக் கிடக்கிறா, உனக்குக் காடை கேக்குது! கல்நெஞ்சுடி உனக்கு.”

“ஆமா, கல்லுதான்,” என்று அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். அன்று சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி போட்ட லக்மான் நூடுல்ஸ் வந்தது. எர்மெக் துக்கத்தோடு துக்கமாக இரண்டு கிண்ணம் காலி செய்தான்.

சனிக்கிழமை கான்ஷாவைக் கீழே வைக்க மனமில்லாமல் அவன் கார் ஓட்ட மறுத்துவிட்டான். ரௌஷான்தான் ஓட்டினாள். மடியில் பாம்புப் பையும் அதற்குக் கீழே வெந்நீர்ப் பாட்டிலுமாகப் பின்சீட்டில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். மகள் பிறந்த அன்றுகூட இப்படி அழவில்லையே என்று நினைத்தபோது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

டாக்டர் வேரா கான்ஷாவைத் தராசில் வைத்தார். புருவத்தைத் தூக்கினார். மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

“என்னங்க இது, எடை கூடியிருக்கு!”

“வீக்கமா, டாக்டர்?” என்று எர்மெக் அலறி, அவளை வாரி அணைத்தான். அணைத்த கையோடு அவன் புதுச்சட்டை நனைந்தது. கான்ஷா தாராளமாகக் கழித்துவிட்டிருந்தாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் சிரித்துவிட்டார். “இறகு! இவ பட்டினி இல்ல, எர்மெக். வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுத்தான் உங்க எலியை வேணாங்கிறா. உங்க வீட்டுல யாரோ இவளுக்குக் கல்ஜா போட்டிருக்காங்க!”

பிள்ளை பெற்றவளுக்குப் புருஷன் ஆடு அடித்துச் சூப்பு வைத்துக் கொடுப்பதுதான் கல்ஜா. பாம்புக்கு யார் போடுவார்கள்? மேதை மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். ரௌஷான் சுவரில் தொங்கிய நாய்ப் படத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீயா? உனக்குப் பாம்புன்னாலே நடுக்கமாச்சே!”

“இப்பவும் நடுக்கந்தான். நீங்க வேலைக்குப் போனதும் ஒரு கண்ணை மூடிக்கிட்டு இடுக்கியால நீட்டுவேன். எலியைத் தொட எனக்குக் குமட்டும், அதான் காடை. சொன்னா நீங்க அதுக்கும் ஒரு பாடம் எடுப்பீங்க.”

“இவ்வளவு பயத்தோட எதுக்கும்மா?” என்றார் டாக்டர்.

“பெத்தவ பசி எனக்குத் தெரியும், டாக்டர். எனக்குக் கல்ஜா போட ஆடு வாங்கச் சந்தைக்குப் போன மனுசன், இந்தப் பாம்போடதான் திரும்பி வந்தாரு!”